மயிரிழை

மயிரிழையில் தப்பினேன் என்று
டுட்லிங்கனில், எங்கள் இரவு ஷிப்டில்,
பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.
சேர்ந்த புதிதில் என் முடி ஒன்றைப் பிடுங்கி
மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன்:
எண்பத்தொரு மைக்ரான்.
எனக்கு அனுமதி எட்டு.
முடியைப் பத்தாகக் கிழித்து
அதில் ஒரு கீற்றுக்குள் நான் தப்பியாக வேண்டும்.

லேத் என்றால் பொருள் சுற்றும், கத்தி காத்திருக்கும்.
மில்லிங் என்றால் கத்தி சுற்றும்,
பொருள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.
என் ஐந்தாம் நம்பர் இரண்டுக்கும் பிறந்தது.
டைட்டானியக் கம்பி சுற்றிக்கொண்டே முன்னால் வந்து
தானாகவே கழுத்தை நீட்டும்.
ஒரு கத்தி தோலைச் சீவும்.
உள்பக்கம் பல் முளைத்த வளையம் ஒன்று
அதைச் சுற்றிச் சுழன்று ஒரே மூச்சில் மரை போடும்.
நடுவில் நூல் போல ஒரு டிரில் நுழைந்து வெளியேறும்.
கடைசியில் பார்ட்டிங் டூல்.
எலும்பில் முடுக்கும் திருகாணி ஒன்று பிறக்கும்,
சின்னக் கை ஒன்று அதை எடுத்துத்
தட்டில் வரிசையாக நடும்.
நாற்பத்தொன்பது நொடிக்கு ஒன்று.
அது போய்ச் சேரவேண்டிய கணுக்கால்
இன்னும் முறியாமல்
எங்கோ போர்வைக்குள் தூங்குகிறது.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குச் சத்தம் மாறியது.
குழம்பு அடிப்பிடிப்பது மூக்குக்குத் தெரிவது போல
காதுக்குத் தெரிந்தது.
சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
திரையில் எல்லாம் பச்சை.
கதவைத் திறந்தால், எண்ணெய் சொட்டும் டிரில் நுனியில்
எள்ளில் பாதி காணவில்லை.

தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
எதிலிருந்து கெட்டது?

"எல்லாத்தையும் கொட்டு" என்றான் பெஸ்னிக்.
ஒயர்கட் மெஷின்காரன்;
தொடாமலே, தண்ணீருக்குள் பொறி விட்டு
இரும்பை அறுக்கிறவன்.
தேடுகிற நேரத்துக்கு விலை அதிகம் என்றான்.
சரிதான்.
ஆனால் கம்மல் திருகாணி தொலைந்தால்
கல்யாண மண்டபத்தையே பெருக்கவைக்கிற வம்சம் நான்.

பாதியிலிருந்து தொடங்கினேன்.
நூற்றாறு: கேஜ் வழுக்கிக்கொண்டு போனது. நல்லது.
நூற்று ஐம்பத்தொன்பது: வாசலிலேயே நின்றது.
நூற்று முப்பத்திரண்டு நல்லது.
நாற்பத்தைந்து இல்லை. முப்பத்தெட்டு இல்லை.
முப்பத்தைந்து சரி.
முப்பத்தாறும் சரி.

நூற்று முப்பத்தேழு.
லென்ஸுக்கு அடியில், துளையின் சுவரில்,
தொண்டையில் மீன்முள் போல அந்தத் துண்டு.

கணக்குப் போட்டேன். ஒன்று ஐம்பத்திரண்டு.
அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்?
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.
மகள் மூன்றாம் முறையும் லைசென்ஸ் டெஸ்டில் கோட்டைவிட்ட கதையை
பெஸ்னிக் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.
சிரித்தோம்.
சன்னலுக்கு வெளியே டான்யூப்,
கோடையில் மேலே மோரிங்கன் பக்கம்
தரைக்குள் இறங்கி யாருக்கும் சொல்லாமல் போய்விடுகிற ஆறு,
அந்த நேரத்திலும் ஒன்றும் சொல்லவில்லை.

விதி: ஒன்று கெட்டால் தட்டு முழுக்க.
நல்லவை நூற்று முப்பத்தாறையும் சேர்த்தே
பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குள் சரித்தேன்.
மழை மாதிரி இல்லை. சில்லறை மாதிரியும் இல்லை.
டைட்டானியம் விழும் சத்தத்துக்கு
இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை எனக்கு.
காரணம் என்ற கட்டத்தில்
டிரில் நுனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஆரஞ்சுக்கு அங்கே கட்டம் இல்லை.

புது டிரில் மாட்டி, பூஜ்யம் பிடித்து,
முதல் திருகாணியை அளந்தேன். மூன்று மைக்ரான்.

"கிடைத்ததா?" என்றான் பெஸ்னிக்.
கிடைத்தது.
"எவ்வளவு மிச்சம்?"
ஒன்றுமில்லை.
அப்புறம் நினைவு வந்தது, இரண்டு சுளை இருந்தது.
எண்ணெய் வாசத்தோடு
ஆளுக்கொன்றாகத் தின்றோம்.